பூனை லுகேமியா வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள்: ஜிபி70, பி15இ

கேட்கப்பட்ட கேள்வியில் மூன்று பகுதிகள் உள்ளன. பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் லுகேமியா வைரஸின் மேற்பரப்பில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன, அவை என்ன செய்கின்றன என்பது முதல் பகுதி. பூனையைப் பரிசோதித்த மருத்துவர் தந்த சீட்டில் "பி27 பாசிட்டிவ்" என்று எழுதியிருக்கிறதே, அதுவும் மேற்பரப்புப் புரதம்தானா என்பது இரண்டாவது. வீட்டில் இன்னொரு பூனையும் ஒரு சிறு குழந்தையும் இருக்கையில் தடுப்பூசி யாரை, எதிலிருந்து காக்கும் என்பது மூன்றாவது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் குழப்பம் நீங்கினால் மற்ற இரண்டும் எளிதாகப் பிடிபடும்.

பி27 மேற்பரப்புப் புரதம் அல்ல. வைரஸ் துகள் ஏறத்தாழ 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. அதன் வெளிப்புறத்தில் ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு வைரஸ் தானாகச் செய்துகொண்டது அல்ல, பூனையின் உயிரணுவிலிருந்து வெளியேறும்போது அந்த உயிரணுவின் சவ்விலிருந்தே கிள்ளிச் சுற்றிக்கொண்டது. சவ்வுக்கு அடியில் உட்கூடு ஒன்று உண்டு. அந்தக் கூட்டைக் கட்டும் செங்கல்தான் பி27. கூட்டுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. இரண்டு பிரதிகளாக, அதை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும் நொதியோடு வைக்கப்பட்டிருக்கிறது. மேற்பரப்பில், அதாவது அந்தக் கொழுப்புச் சவ்விலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவை இரண்டே புரதங்கள்: ஜிபி70, பி15இ. இந்தப் பெயர்களில் உள்ள எண்கள் எடையைக் குறிப்பவை. 27 என்றால் ஏறத்தாழ 27,000 டால்டன், 70 என்றால் 70,000 டால்டன்; டால்டன் என்பது மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு. "ஜிபி" என்பது சர்க்கரை ஒட்டிய புரதம், அதாவது கிளைக்கோபுரதம் என்பதன் சுருக்கம். பி15இ-யில் கடைசியில் நிற்கும் "இ" உறையைச் சுட்டுகிறது; இதே எடையில் வைரஸின் உள்ளே வேறொரு புரதம் இருப்பதால் இரண்டும் குழம்பாமலிருக்க அந்த எழுத்தைச் சேர்த்தார்கள்.

அப்படியானால் பரிசோதனை ஏன் மேற்பரப்புப் புரதத்தை விட்டுவிட்டு உள்ளே கிடக்கும் பி27-ஐத் தேடுகிறது? தொற்று நிலைத்துவிட்ட பூனையின் உடலில் பி27 தேவைக்கு மிஞ்சி உற்பத்தியாகிறது. துகளுக்குள் இருப்பது போக, தனியாகவும் ரத்தத்தில் ஏராளமாக மிதக்கிறது. மூன்று சொட்டு ரத்தத்தை வினைப்பொருளோடு கலந்து கிட்டின் குழியில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கும்போது, பட்டையில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும் எதிர்ப்பொருள் அந்த பி27-ஐப் பிடித்து நிறுத்துகிறது. அதுதான் நமக்கு நிறப்புள்ளியாகவோ கோடாகவோ தெரிகிறது. மேலும், இந்த வைரஸில் பல துணைவகைகள் உண்டு; மேற்பரப்புப் புரதம் ஒரு துணைவகைக்கும் இன்னொன்றுக்கும் மாறுபடக்கூடியது; பி27 அப்படி மாறுவதில்லை. ஆகவே எந்தத் துணைவகை ஆனாலும் ஒரே கிட் போதும். அதே கிட்டில் பக்கத்திலேயே பூனை எய்ட்ஸ் வைரஸுக்கும் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி பூனையின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. லுகேமியாவுக்கான புள்ளியோ வைரஸின் பொருளையே நேரடியாகத் தேடுவது. இந்த வேறுபாட்டை மருத்துவமனையில் அவசரத்தில் பெரும்பாலும் விளக்குவதில்லை, ஆனால் சீட்டைப் படிப்பதற்கு அது மிக முக்கியம்.

இனி மேற்பரப்புப் புரதங்களுக்கு வருவோம். இந்த வைரஸை 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து லிம்ஃபோமா என்ற நிணநீர் அணுப் புற்றுநோய் வந்ததைக் கவனித்து, இது தொற்றாக இருக்கலாம் என்று ஐயுற்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிரணுச் சவ்விலிருந்து மொட்டு விடுவதுபோல் துகள்கள் பிதுங்கி வெளியேறுவது தெரிந்தது. அந்த மொட்டு விடும் இடத்தில் முன்கூட்டியே வந்து நிற்பவைதான் நம் இரண்டு புரதங்களும்.

இவை இரண்டும் தனித்தனியாகப் பிறப்பவை அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். வைரஸுக்கு மூன்றே முதன்மை மரபணுக்கள்: உட்கூட்டுப் புரதங்களுக்கு "காக்", நொதிகளுக்கு "போல்", உறைக்கு "என்வ்". என்வ் மரபணுவிலிருந்து ஒரே நீண்ட புரதம் உருவாகிறது. அது உயிரணுவின் உள்வலைப் பின்னலில் மடிந்து, மூன்று மூன்றாகச் சேர்ந்து, சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டப்பட்டு, புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும் கோல்கி உறுப்பைக் கடந்து போகும்போது, அங்கே உயிரணுவின் சொந்த நொதியான ஃபியூரின் அதைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டுக்கு முன்பக்கம் ஜிபி70, பின்பக்கம் பி15இ. வெட்டிய பிறகும் அவை பிரிந்து போவதில்லை. ஜிபி70 வெளியே தலைபோலவும், பி15இ சவ்வைத் துளைத்து நிற்கும் தண்டுபோலவும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இந்த வெட்டு நடக்காவிட்டால் துகள் வெளியே வந்தாலும் அதனால் எந்த உயிரணுவையும் தொற்ற முடியாது.

வேலைப் பிரிவினை தெளிவானது. எந்த உயிரணுவில் ஒட்டுவது என்பதை ஜிபி70 தீர்மானிக்கிறது. ஒட்டிய பிறகு இரண்டு சவ்வுகளையும் ஒன்றாக்கிக் கூட்டை உள்ளே இறக்குவது பி15இ. இதைப் பூட்டும் சாவியும் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அந்த உவமை நிறைவு தருவதில்லை, ஏனென்றால் சாவி திருகியபின் உருமாறுவதில்லை; இந்தப் புரதமோ ஒரு முறை திறந்தால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதபடி முழுவதுமாக உருமாறிவிடுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த எலி லுகேமியா வைரஸில் இந்த மாற்றம் நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. தலையையும் தண்டையும் ஒரு கந்தகப் பிணைப்பு கட்டி வைத்திருக்கிறது. தலை தன் ஏற்பியை, அதாவது உயிரணுவின் மேற்பரப்பில் அது பற்றிக்கொள்ளும் புரதத்தைப் பிடித்தவுடன், தலையிலேயே அருகில் இருக்கும் மற்றொரு கந்தக அணுத்தொகுதி அந்தக் கட்டை அவிழ்த்து, பிணைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கட்டு அவிழ்ந்ததும் அதுவரை மடங்கிக் கிடந்த தண்டு விறைத்து நிமிர்ந்து, தன் நுனியில் உள்ள நீரை வெறுக்கும் பகுதியை உயிரணுவின் சவ்வில் குத்துகிறது. பிறகு கொண்டை ஊசிபோல மடங்கி இரண்டு சவ்வுகளையும் நெருக்கி இணைக்கிறது. இது தவறான நேரத்தில் நடந்துவிடாமலிருக்க ஒரு பூட்டும் உண்டு: தண்டின் உட்புற வாலில் ஒரு சிறு துண்டு இருக்கும் வரை இணைப்பு நிகழாது. துகள் உயிரணுவை விட்டு வெளியேறிய பிறகுதான் வைரஸின் நொதி அந்தத் துண்டை வெட்டி விடுகிறது.

ஜிபி70-இன் முன்பாதியில் ஏற்பியைப் பிடிக்கும் பகுதி இருக்கிறது. அதில் மாறுபடும் பகுதி ஏ, மாறுபடும் பகுதி பி என்று இரண்டு வளையங்கள். நடுவில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த ஒரு கழுத்து. பின்பாதி பெரிதும் மாறாதது. முதலில் சொன்ன அந்த வளையங்களில் நிகழும் சிறு மாற்றம்தான் ஒரு பூனைக்கு லிம்ஃபோமா வருமா, ரத்தசோகை வருமா, நோயெதிர்ப்பு சரிந்துபோகுமா என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. எல்லாக் கட்டிகளுக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை, வைரஸின் டி.என்.ஏ. பூனையின் குரோமோசோமில் எந்த மரபணுவுக்குப் பக்கத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது என்பதும் புற்றுநோயில் பெரும் பங்கு வகிக்கிறது. ஆயினும், ஒரே வைரஸ் ஏன் இத்தனை வேறுபட்ட நோய்களைத் தருகிறது என்று கேட்டால், முதலில் விரல் நீட்ட வேண்டிய இடம் ஜிபி70 தான்.

துணைவகைகளை முதன்முதலில் பிரித்தது 1973-இல். சர்மா, லாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பயன்படுத்திய முறை எளிமையானது, அழகானது. ஒரு வைரஸ் ஏற்கெனவே தொற்றிய உயிரணு, தன்னுள் உற்பத்தியாகும் ஜிபி70-ஆலேயே தன் ஏற்பிகளை நிரப்பிக்கொண்டுவிடும். எனவே அதே ஏற்பியைத் தேடி வரும் இன்னொரு வைரஸுக்கு அங்கே இடமிருக்காது. வேறு ஏற்பியைத் தேடி வருவது மட்டும் உள்ளே நுழையும். எது எதைத் தடுக்கிறது, எது எதைத் தடுக்கவில்லை என்று பார்த்தே ஏ, பி, சி என மூன்று கூட்டங்களைப் பிரித்துவிட்டார்கள். ஏற்பிகளின் பெயர்கூட அப்போது யாருக்கும் தெரியாது. அவை ஒவ்வொன்றாக வெளிப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பூனைக்குப் பூனை பரவுவது துணைவகை ஏ. தொற்றுள்ள ஒவ்வொரு பூனையிலும் இது இருக்கும். இதன் ஜிபி70 வியக்கத்தக்க அளவில் மாறாதது; அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகள் இடைவெளியில் எடுக்கப்பட்ட மாதிரிகளை ஒப்பிட்டபோதுகூட மரபணு வரிசை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு ஒத்திருந்தது. இது பிடிப்பது வைட்டமின் பி1, அதாவது தயமினை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தை; 2006-இல் ஜூலி ஓவர்பாவின் ஆய்வுக்குழு இதை அடையாளம் கண்டது. துணைவகை பி பிடிப்பது பாஸ்ஃபேட்டை உள்ளே கொண்டுசெல்லும் பிட்1 என்ற புரதத்தை. இதே புரதம் கிப்பன் குரங்கின் லுகேமியா வைரஸுக்கும் வாசல். துணைவகை சி பிடிப்பது எஃப்.எல்.வி.சி.ஆர்.1 என்ற புரதத்தை. மூன்றும் சவ்வைப் பல முறை குறுக்கே ஊடுருவி நின்று, உயிரணுவுக்கு வேண்டியதை ஏற்றி இறக்கும் கடத்திகள். வைரஸ் இவற்றைப் பற்றிக்கொண்டதில் ஒரு கணக்கு இருப்பதாகவே எனக்குப் படுகிறது: இந்த வாசல்களை அடைத்துவிட்டு உயிரணுவால் வாழ முடியாது, ஆகவே பூனை இனம் இவற்றைக் கைவிட்டுத் தப்பிக்கவும் முடியாது.

துணைவகை பி எங்கிருந்து வருகிறது என்பது இந்த வரலாற்றின் மிக விசித்திரமான பகுதி. வீட்டுப் பூனையின் மரபணுத் தொகுதியிலேயே பழைய லுகேமியா வைரஸ்களின் எச்சங்கள் பல பிரதிகளாகப் பதிந்து கிடக்கின்றன. மிகப் பழங்காலத்தில் பூனையின் மூதாதையின் முட்டையிலோ விந்தணுவிலோ நுழைந்து, அன்றிலிருந்து தாய் தந்தை வழியாகவே பிள்ளைக்கு இறங்கி வருபவை இவை. தாமாக எழுந்து நோய் உண்டாக்க இவற்றால் முடியாது; ஆனால் இவற்றின் என்வ் மரபணு பல பூனைகளில் இன்றும் படிக்கப்படுகிறது. வெளியிலிருந்து துணைவகை ஏ வந்து தொற்றும்போது, புதிய துகளில் அடைபடும் இரண்டு ஆர்.என்.ஏ. பிரதிகளில் ஒன்று வெளியே இருந்து வந்ததாகவும் மற்றொன்று பூனையின் சொந்த எச்சத்திலிருந்து வந்ததாகவும் அமைந்துவிடலாம். அடுத்த உயிரணுவில் நொதி அவற்றைப் படித்து டி.என்.ஏ.வாக எழுதும்போது ஒரு பிரதியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. விளைவாக, முதுகெலும்பு துணைவகை ஏ-யாகவும், ஜிபி70-இன் முன்பாதி பூனையின் பாட்டன் சொத்தாகவும் ஒரு கலப்பு வைரஸ் பிறக்கிறது. அதுதான் துணைவகை பி. லிம்ஃபோமா வந்த பூனைகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. ஏ-யின் துணை இல்லாமல் இது பொதுவாகப் பூனைக்குப் பூனை பரவுவதில்லை. ஒவ்வொரு பூனையின் உடலிலும் புதிதாகவே உருவாகிறது.

இந்த எச்சங்கள் வீட்டுப் பூனையிலும் அதன் நெருங்கிய சிறு உறவுகளிலும் மட்டுமே உண்டு. பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்குகளான பியூமாவிலும் லின்க்ஸிலும் இல்லை. எனவே அங்கே துணைவகை பி புதிதாக உருவாக வழியில்லை. அதனால் அவை பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணினால் தவறு. 2002 முதல் 2004 வரை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், எண்ணிக்கையில் மிகக் குறைந்துபோயிருந்த பியூமாக்களில் ஐந்து விலங்குகளுக்குத் துணைவகை ஏ தொற்றியது; அந்த ஐந்தும் இறந்தன. 2007-இல் ஸ்பெயினின் டோன்யானாவில் அழிவின் விளிம்பில் இருந்த ஐபீரிய லின்க்ஸ்களிடையே இது பரவிப் பல விலங்குகளைக் கொன்றது. துணைவகை ஏ "வீரியம் குறைந்தது" என்று பாடப்புத்தகங்கள் எழுதுவதை நான் அப்படியே ஏற்பதில்லை என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளே காரணம்.

துணைவகை சி மிக அரிது. ஆனால் மேற்பரப்புப் புரதம் எப்படி நேரடியாக நோயை உண்டாக்குகிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. துணைவகை ஏ-யின் ஜிபி70-இல், மாறுபடும் பகுதி ஏ-யில் ஒரு சில அமினோ அமிலங்கள் மாறினாலே அது சி ஆகிவிடுகிறது, ஏற்பி மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட பூனை சோர்ந்து படுத்துக் கிடக்கும், மூச்சு வேகமாக இருக்கும். மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நலமான பூனையில் நூற்றுக்கு 30-க்கு மேல் இருக்கும். இங்கே 15-க்கும் கீழே இறங்கிவிடும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் ஏறத்தாழ இயல்பாக இருக்கக்கூடும். ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால், ரத்தம் குறைந்த உடல் அவசரமாக வெளியே அனுப்பும் இளம் சிவப்பணுக்கள் ஒன்றைக்கூடக் காண முடியாது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக் குலம் மட்டும் வேரோடு நின்றுபோயிருக்கும்.

காரணம், ஏற்பியின் வேலையில் இருக்கிறது. எஃப்.எல்.வி.சி.ஆர்.1 உயிரணுவில் தேங்கும் ஹீம் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருளை வெளியே தள்ளுகிறது என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஹீமோகுளோபினைக் கட்டத் தொடங்கும் இளம் சிவப்பணுவில் ஹீம் குவியும். வெளியேறும் வழியைச் சி வகையின் ஜிபி70 அடைத்துவிட்டால் அந்த அணு முதிராமலே சாகும். எலிகளில் இந்த மரபணுவை நீக்கியபோது, வைரஸே இல்லாமல், அதே கடும் ரத்தசோகை வந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. அண்மை ஆண்டுகளில் இதே புரதம் கோலின் என்ற சத்தை உள்ளே கொண்டுவருகிறது என்றும் உறுதியாகியிருக்கிறது. ஆகவே அணு சாவது ஹீம் தேங்குவதாலா, கோலின் கிடைக்காததாலா என்ற விவாதம் மீண்டும் திறந்துவிட்டது. எது மெய்யானாலும், ஏற்பியை அடைப்பதே ரத்தசோகைக்குக் காரணம் என்ற முடிவு அசையவில்லை. இந்தப் புரதம் மனிதர்களிடமும் உண்டு. அதன் பெயரிலுள்ள எழுத்துகளை விரித்தால் "பூனை லுகேமியா வைரஸ் துணைவகை சி ஏற்பி" என்றே வரும். அதில் பிறவிக் குறை உள்ள மனிதர்களுக்கு நடை தடுமாற்றமும் விழித்திரைச் சிதைவும் வருகின்றன. ஒரு பூனை நோயை ஆராயப் போய் மனித நரம்பியலில் ஒரு வாசல் திறந்தது என்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும் செய்தி.

துணைவகை டி (ஆங்கில எழுத்து T) என்பது டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களைத் தாக்கும் வகை. பூனைக்குக் கடும் நோயெதிர்ப்புக் குறைவை உண்டாக்கிய ஒரு வைரஸை ஆராய்ந்தபோது, அதன் ஜிபி70-இன் கடைசிப் பகுதியில் ஆறு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தது தெரிந்தது. இந்த வகைக்கு பிட்1 மட்டும் போதாது. ஃபீலிக்ஸ் என்று பெயரிடப்பட்ட, ரத்தத்தில் கரைந்து மிதக்கும் ஒரு துணைப் புரதமும் வேண்டும். அந்தத் துணைப் புரதம் எது என்று தேடியபோது, அது பூனையின் மரபணுவில் புதைந்திருக்கும் பழைய எச்சத்திலிருந்து வரும் அரைகுறை ஜிபி70 என்று 2000-இல் கண்டார்கள். பூனையின் டி-செல்களே அதைச் சுரக்கின்றன. இதுவும் போக, இந்த வகை தன் ஏற்பிகளை முழுவதும் அடைப்பதில்லை. ஆதலால் ஒரே உயிரணுவில் மீண்டும் மீண்டும் வைரஸ் நுழைந்து, அதைக் கொன்றுவிடுகிறது. ஏற்பிகளை நிரப்பி அடுத்த வைரஸைத் தடுப்பதாக மேலே சொன்ன முறை உயிரணுவுக்கும் ஒரு வகையில் பாதுகாப்பு என்பது இங்கேதான் புரிகிறது.

பி15இ-யைப் பற்றி இதுவரை குறைவாகவே சொன்னேன். இணைப்பு வேலையைத் தவிர இதற்கு இன்னொரு முகம் உண்டு. 1970-களில், கொல்லப்பட்ட வைரஸையே தடுப்பூசியாகக் கொடுத்துப் பார்த்தபோது, பூனைகளுக்குப் பாதுகாப்பு கூடவில்லை; எதிர்ப்பாற்றல் குறைந்து, நோய்க்கு அவை எளிதில் ஆட்பட்டதாக 1977-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. உயிரற்ற வைரஸ் எப்படி எதிர்ப்பாற்றலைக் குலைக்கும்? அடுத்த ஆண்டே, பி15இ என்ற புரதம் தனியாகவே நிணநீர் அணுக்களின் பெருக்கத்தை அடக்குகிறது என்று காட்டினார்கள். பிறகு, அதிலுள்ள 17 அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு சிறு பகுதியைச் செயற்கையாகச் செய்து பார்த்தபோது அதற்கும் அந்த அடக்கும் தன்மை இருந்தது. இதே குடும்பத்தின் பல வைரஸ்களில் இந்தப் பகுதி ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது.

தடுப்பூசியின் வரலாற்றை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். முதல் வணிகத் தடுப்பூசி 1985-இல் அமெரிக்காவில் வந்தது. அதன்பின் வந்தவற்றில் மேற்பரப்புப் புரதத்தை மட்டும் நேரடியாகப் பயன்படுத்தும் ஒன்று இருக்கிறது: துணைவகை ஏ-யின் ஜிபி70 மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்துப் புரதத்தைச் செய்விக்கிறார்கள். பாக்டீரியா சர்க்கரை ஒட்டாது. எனவே 70 என்ற எடை 45 ஆகக் குறைந்து, அதற்கு பி45 என்று பெயர். அதோடு பி15இ-யின் முதல் 34 அமினோ அமிலங்களும் சேர்ந்திருக்கின்றன. எதிர்ப்பை அடக்கும் அந்த 17 அமினோ அமிலப் பகுதி இந்த 34-க்குள் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றொரு தடுப்பூசியில், பாலூட்டிகளில் பெருக முடியாத கானரிப் பறவை அம்மை வைரஸில் என்வ், காக் மரபணுக்களை ஏற்றி அனுப்புகிறார்கள். பூனையின் உயிரணுவே அந்தப் புரதங்களைச் செய்து தன் நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுகிறது. துணைவகை ஏ-யின் ஜிபி70 அவ்வளவு மாறாமல் இருப்பதும், பரவுவது அது ஒன்றே என்பதும் தடுப்பூசிக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஏ-யைத் தடுத்தால் பி-யும் சி-யும் பிறக்க இடமே இல்லை.

ஆயினும் தடுப்பூசி போட்ட பூனையின் உடலில் வைரஸ் நுழையவே நுழையாது என்று எண்ணக் கூடாது. மரபணுப் பொருளைப் பன்மடங்காக்கித் தேடும் நுட்பமான பி.சி.ஆர். சோதனையில், தடுப்பூசி போட்டபின் வைரஸை எதிர்கொண்ட பூனைகள் சிலவற்றில் அதன் டி.என்.ஏ. சிறிதளவு தென்படுகிறது. தடுப்பூசி தடுப்பது, வைரஸ் மஜ்ஜையைப் பிடித்து ரத்தத்தில் ஓயாமல் பெருகும் நிலையை. நோயும் பரவலும் அந்த நிலையில்தான் வருவதால் அதைத் தடுப்பதே பெரும் பயன். இதே காரணத்தால், நோய் நிலைத்துவிட்ட பூனைக்குத் தடுப்பூசி போடுவதில் பயன் ஏதும் இல்லை; ஜிபி70-க்கு எதிராக எவ்வளவு எதிர்ப்பொருள் உண்டானாலும் குரோமோசோமில் பதிந்துவிட்ட வைரஸை அதனால் அகற்ற முடியாது. நம் ஊரில் பூனைகளுக்கு வழக்கமாகப் போடப்படும் மூன்று நோய்களுக்கான ஊசியில் பான்லுகோபீனியா என்ற பெயர் இருப்பதைப் பார்த்து, லுகேமியாவுக்கும் சேர்த்தே போட்டாயிற்று என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது முற்றிலும் வேறான ஒரு பார்வோ வைரஸ். அந்த ஊசிக்கும் லுகேமியாவுக்கும் தொடர்பில்லை.

குழந்தையைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். துணைவகை பி, சி ஆகியவை ஆய்வகத்தில் மனித உயிரணுக்களில் வளரும் என்பது உண்மை, பிட்1, எஃப்.எல்.வி.சி.ஆர்.1 ஆகிய இரண்டும் மனிதரிலும் பூனையிலும் பெரிதும் ஒத்திருப்பதால் அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைக்குப் பரவி உலவுவது ஏ. மனிதருக்கு இந்தத் தொற்று வந்ததாக இதுவரை எந்தச் சான்றும் இல்லை, பல பத்தாண்டுகளாகப் பூனைகளோடு புழங்கும் கால்நடை மருத்துவர்களிடமும் இல்லை. அதற்கு ஒரு காரணம் மேற்பரப்புப் புரதங்களிலேயே இருக்கிறது. பூனையின் உயிரணு ஜிபி70-இல் ஒட்டும் சர்க்கரைகளுள் ஒன்று மனித உடலில் இல்லாதது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் நம் ரத்தத்தில் பிறந்த சில மாதங்களிலிருந்தே இருக்கிறது. இந்தக் குடும்ப வைரஸ்களின் பி15இ-யோ மனித ரத்தத்தில் கிருமிகளைத் துளைத்து அழிக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களை நேரடியாகவே தூண்டிவிடுகிறது. இரண்டு வழியிலும் துகளின் கொழுப்புச் சவ்வு ஓட்டையாகிக் கிழிகிறது. சவ்வு இவ்வளவு மென்மையானது என்பதால்தான் சாதாரண சோப்பும் தண்ணீருமே இந்த வைரஸை அழிக்கப் போதுமானவை. உலர்ந்த தரையில் அது நெடுநேரம் தாங்குவதில்லை.

இன்னொரு பூனைதான் உண்மையான கவலை. இந்த வைரஸ் எச்சிலில் மிகுதியாக இருக்கிறது; ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்வதும், ஒரே கிண்ணத்தில் தின்பதும், தாய் குட்டிக்குப் பாலூட்டுவதும் பரவும் வழிகள். குட்டிகள் மிக எளிதில் ஆட்படும். வயது கூடக் கூட எதிர்ப்பு ஓரளவு வளர்கிறது. ஆகவே அதற்கும் உடனே பி27 பரிசோதனை செய்யுங்கள். நெகட்டிவ் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அண்மையில் தொற்றியிருந்தால் பி27 ரத்தத்தில் தென்படச் சில வாரங்கள் ஆகலாம், எனவே இரண்டையும் பிரித்து வைத்து ஆறு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பாசிட்டிவ் என்று வந்த பூனைக்கும் இது பொருந்தும்: பார்வைக்கு நலமாக இருக்கும் பூனை என்றால் ஒரே ஒரு கிட் முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, ஏனெனில் சில பூனைகள் தொடக்கத்தில் பி27 காட்டிவிட்டுப் பின்பு வைரஸை அடக்கிவிடும். அப்படி அடக்கிய பூனையில் பி27 மறைந்திருக்கும், பி.சி.ஆரில் மட்டும் வைரஸின் டி.என்.ஏ. தெரியும். பி15இ-க்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் கிட்டுகளும் அண்மையில் வெளிநாடுகளில் வந்திருக்கின்றன. பூனை எப்போதாவது வைரஸை எதிர்கொண்டு வென்றிருக்கிறதா என்பதை அவை காட்டும். உங்கள் மருத்துவரிடம் பி27 மறுபரிசோதனைக்கும், முடிந்தால் பி.சி.ஆருக்கும் கேளுங்கள். இரண்டாவது பூனை இரு முறையும் நெகட்டிவ் என்றால், லுகேமியாவுக்கான தனி ஊசி கிடைக்கிறதா என்று விசாரித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போடச் சொல்லுங்கள். அதுவரை கிண்ணமும் மணல் தொட்டியும் வேறு வேறாகவே இருக்கட்டும்.